நாப்பது மீட்டர்ல ஒரு படகு

ரேடார் டிசைன் வேலைன்னா வேற ஒண்ணும் இல்ல, தெருமுனைல ஒருத்தன் மெதுவா கூப்புடறது காதுல வுழணும்னு நம்ம வூட்டு மிக்ஸியோட சண்ட போடற வேலை.

ரேடார் ஒரு அலைய வெளிய அனுப்பும். அது எது மேலயாவது பட்டு திரும்பி வரும். வர்ற நேரத்த வெச்சி எதிர்ல இருக்கறது எவ்ளோ தூரம்னு சொல்லும். திரும்பி வர்றது ரொம்ப சன்னமா தான் வரும். அத கேக்க வுடாம கத்தறது வெளியாளு இல்ல, நம்ம சர்க்யூட்டே தான். அந்த கத்தலுக்கு பேரு நாய்ஸ். போர்டு பெருசா இருந்தா கத்தறவன ஒரு மூலைல, கேக்கறவன ஒரு மூலைல உக்கார வெக்கலாம். சின்னதானா ரெண்டு பேரும் ஒரே பாயில.

இதுல பாதி புரியலன்னாலும் பரவால்ல. "இன்னும் கொஞ்சம் சின்னதா பண்ணலாமே"ன்னு மேல இருக்கறவர் சொல்லி, கீழ உக்காந்து தலைய சொறிஞ்சவங்க எல்லாருமே நம்ம கட்சி தான். தையக்காரர், கொத்தனார், கல்யாண சமையல்காரர், யாரா இருந்தாலும்.

எனக்கு வூடு பாகூர்ல. வேலை வில்லியனூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனில. பகல்ல டிவி ரிப்பேர் பண்ணி, சாயங்கால பாலிடெக்னிக்ல படிச்சி, இந்த நாற்காலிக்கு வந்தவன். பகல்ல படிச்சவன் தப்பு பண்ணா அது எக்ஸ்பெரிமென்ட். ராத்திரி படிச்சவன் தப்பு பண்ணா, அவன் படிப்பே அவ்ளோதான். இத யாரும் என்கிட்ட சொன்னதில்ல. நானா எனக்கு சொல்லிக்கினது. இந்த கதைக்கு அது முக்கியம்.

சோத்து டப்பா

ஃபைபர் படகுல மீன் புடிக்க போறவங்களுக்கு ஒரு சின்ன ரேடார் பண்ணோம். பனில முன்னாடி ஏதாவது இருந்தா கத்தும், எத்தினி மீட்டர்னு நம்பர் காட்டும். மொதல்ல பண்ணது இட்லி குண்டான் சைசுல இருந்துது. நல்லா வேலை செஞ்சுது. எங்க மொதலாளி அத சுத்தி சுத்தி பாத்துட்டு, பையிலேர்ந்து அவரோட சோத்து டப்பாவ எடுத்து பக்கத்துல வெச்சார். "இதுக்குள்ள அடங்கணும்"னார். அவங்க குடும்பத்துக்கு வில்லியனூர் கடைத்தெருவுல மூணு தலைமுறையா ஹார்டுவேர் கடை. ஒரு பொருள் நல்லதா கெட்டதாங்கறத, ஒரு ஷெல்ஃப்ல எத்தினி அடுக்கலாம்னு பாத்துதான் முடிவு பண்ணுவார்.

நான் பொறுமையா மிக்ஸி கதைய சொன்னேன். சார், கரண்டு குடுக்கற பகுதி தான் மிக்ஸி, அத கேக்கற பகுதி பக்கத்துல வெச்சா ஒண்ணும் கேக்காது, அதனால தான் நடுவுல எடம் வுட்டிருக்கேன்னேன். கண்ண மூடிக்கினு முழுசா கேட்டார். அப்பறம் சோத்து டப்பாவ தொறந்து சாப்பிட ஆரம்பிச்சிக்கினே சொன்னார்:

"அப்ப சின்ன மிக்ஸியா வாங்கேன்யா."

பீரோ ஊர்வலம்

ரேடார டெஸ்ட் பண்ண எதிர்ல ஏதாவது நிக்கணும். பெரிய கம்பெனில அதுக்குன்னு தனி ரூமே கட்டி வெச்சிருப்பாங்க. எங்ககிட்ட ஒரு இரும்பு பீரோ இருந்துது. அத தள்ளுவண்டில ஏத்தி, கம்பெனிக்கு பின்னால இருக்கற தரிசு நெலத்துல நூறு மீட்டர், எம்பது மீட்டர்னு சுண்ணாம்பு கோடு போட்டு நிறுத்துவோம். நிறுத்தறது சுமதி. ஏம்பலத்துலேர்ந்து வர்ற பொண்ணு. அசெம்பிளி செக்‌ஷன்ல அது சால்டரிங் பண்ணா பூதக்கண்ணாடி வெச்சி பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாது. நான் ரேடார் டப்பாவும் கையுமா இந்த பக்கம் நிப்பேன்.

அந்த நெலத்துல தெனம் ஆடு மேய்க்க ஒரு அம்மா வரும். பத்து நாளா எங்கள பாத்துக்கினே இருந்துது. பீரோ போவுது, நிக்குது, திரும்பி வருது. பதினோராவது நாளு என்கிட்ட வந்து, நெசமாவே பாவப்பட்டு கேட்டுது:

"தெனம் காலி பண்ணிக்கினு வரியே, ஒருத்தனும் உனக்கு வூடு குடுக்கலையா?"

கூடவே வர்றது

மொதலாளி சொன்ன மாதிரியே சின்ன மிக்ஸி வாங்கினேன். அதாவது, பழைய பெரிய பவர் சப்ளைய தூக்கிட்டு, வெரல் நகம் சைசுல ஒண்ணு போட்டேன். அது செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவ சுவிட்ச போட்டு அணைக்கற ஜாதி. நான் தான் அத கேக்கற பகுதிக்கு ஒட்டினாப்ல வெச்சி லே-அவுட் போட்டேன். சோத்து டப்பாவுல அடங்கிடுச்சி. ஆன் பண்ணா, நாப்பது மீட்டர்ல ஏதோ நிக்குதுன்னு கத்துது.

போயி பாத்தா ஒரு சின்ன கருவேல செடி. அத வெட்டினேன். இன்னும் நாப்பது. டப்பாவ திருப்பி செவுத்த பாக்க வெச்சேன். செவுரு ரெண்டு மீட்டர்ல தெரியுது, அதுக்கு அப்பால நாப்பதுலயும் ஒருத்தன் நிக்கறான். கடைசியா மல்லாக்க போட்டு வானத்த காட்டினேன். அங்கயும் நாப்பது. சுமதி பீரோ மேல கைய வெச்சிக்கினு இதெல்லாம் பாத்துக்கினு இருந்துது.

"வானத்துலயும் நாப்பதுல தான் நிக்குதுன்னா, அது நம்ம கூடவே தான் அண்ணே வருது."

நாலு வரி

சுமதி சொன்னது சரி. அந்த சப்ளை தட்டற தாளமும், நாப்பது மீட்டர்லேர்ந்து திரும்பி வர்ற அலையோட தாளமும் ஒண்ணா இருந்துது. ரேடாருக்கு வித்தியாசம் தெரியாது. சப்ளைய தள்ளி வெச்சி, நடுவுல தகரத்துல ஒரு தடுப்பு குடுத்தா சரியாயிடும். டப்பா ரெண்டு வெரக்கட பெருசாவும், மூணு வாரம் புடிக்கும். படகுக்காரங்கள கூப்ட்டு காட்டறதுக்கு நாலு நாள் தான் இருந்துது. என் லே-அவுட் தப்புன்னு நானே போயி சொல்லணும்.

சொல்லல. அதுக்கு பதிலா புரோகிராம்ல நாலு வரி எழுதினேன். நாப்பது மீட்டர்ல எது தெரிஞ்சாலும் காட்டாத. வெயில் ஏறினா அந்த நாப்பது மீட்டர் பேய் முன்ன பின்ன நகந்துது. அதனால முப்பதுலேர்ந்து அம்பது வரைக்கும் எது தெரிஞ்சாலும் காட்டாதன்னு மாத்தினேன். அடுத்த தடவ போர்டு போடறப்ப சரி பண்ணிக்கலாம்னு எனக்கு நானே வாக்கு குடுத்துக்கினேன். இந்த வாக்க நீங்களும் உங்க வேலைல ஒரு தடவயாவது குடுத்திருப்பீங்க. அத நம்பறதுக்கு ஒரே ஒரு ஆளு தான் இருப்பாரு, அவரு நம்மள கேள்வியே கேக்க மாட்டாரு.

டப்பா அமைதியாச்சி. பீரோவ நூறுல வெச்சி காட்டினோம், இருபதுல வெச்சி காட்டினோம். பத்து படகுக்கு பத்து டப்பா குடுத்தோம். எங்க இஞ்சினியர் கார்த்தி, பி.இ. படிச்சவரு, ஸ்கிரீன பாத்து அசந்து போயி, இவ்ளோ சின்ன போர்டுல இவ்ளோ சுத்தமா எப்படி வந்துதுன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். கிரவுண்டிங், அதாவது எர்த் போற வழிய, கொஞ்சம் மாத்தினேன்னு புளுகினேன். அவர் என் கைய புடிச்சி குலுக்கினார்.

"அண்ணே, நீங்க சாயங்கால காலேஜ்ல படிச்சவருன்னா எவனும் நம்ப மாட்டான்."

பனி

மார்கழில ஒரு நாளு அஞ்சாப்புலி டப்பாவோட கம்பெனிக்கு வந்தார். வீராம்பட்டினத்துல படகு வெச்சிருக்கறவர். பத்து டப்பாவுல ஒண்ணு அவருக்கு குடுத்தது. ஈரத்துணில சுத்தி, கொழந்தைய தூக்கற மாதிரி தூக்கிக்கினு வந்தார்.

காலைல ஏழு மணிக்கு எதிர் ஆளு தெரியாத பனி. மெதுவா ஊர்ந்துக்கினு போயிருக்கார். டப்பா கத்த ஆரம்பிச்சிருக்கு, எம்பது, எழுவது, அறுவதுன்னு. இஞ்சின கொறச்சிருக்கார். அம்பது வந்ததும் கத்தறது நின்னு போச்சி. மனசுல பத்து எண்ணி இருக்கார். சத்தமே இல்ல. சரி, எதிர்ல இருந்தவன் வழி வுட்டுட்டான்னு இஞ்சின முறுக்கி இருக்கார். டப்பா திரும்ப கத்தறதும், பனிக்குள்ளேர்ந்து படகு முளைக்கறதும் ஒண்ணா நடந்திருக்கு. வலைய போட்டுட்டு இஞ்சின நிறுத்திட்டு உக்காந்திருந்த படகு. உள்ள இருந்தது அவரோட மச்சான் மாசிலாமணி, அவர் பொண்டாட்டியோட கூடப்பொறந்தவர். மாசிலாமணிக்கு வலது கை ரெண்டு எடத்துல ஒடைஞ்சி போச்சி.

டப்பா நின்னு போச்சின்னு அஞ்சாப்புலி சொன்னத ஊர்ல ஒருத்தரும் ஒத்துக்கல. மத்த ஒம்பது படகுலயும் நல்லாதான் கத்துது, நீ ஃபோன பாத்துக்கினு இருந்திருப்ப, இல்ல தூங்கி இருப்பன்னாங்க. மச்சான் கை கூடற வரைக்கும் நீ சுக்கான் புடிக்காதன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. பொண்டாட்டி அண்ணன் வூட்டுக்கு போயிடுச்சி. இதெல்லாத்தையும் மழை பேஞ்சிது வெயில் அடிச்சுதுங்கற மாதிரி சொல்லிட்டு, டப்பாவ என் மேசை மேல வெச்சார்.

"ஊர் சொல்றத வுடு சார். அது நெசமா நின்னுதா, இல்ல எனக்கு தான் காது கேக்கலையா, அத மட்டும் சொல்லு."

மூணு எடம்

மொதலாளியும் கார்த்தியும் வந்துட்டாங்க. டெஸ்ட் பண்ணி பாத்துடலாம்னாங்க. எல்லாரும் பின்னால இருக்கற நெலத்துக்கு போனோம். சுமதி பீரோவ தள்ளிக்கினு போச்சி. எங்க நிறுத்தணும்னு சொல்ற ஆளு நான்.

நூறுன்னேன். டப்பா கத்துச்சி. அறுவதுன்னேன். கத்துச்சி. இருபதுன்னேன். சுமதி அறுவதுலேர்ந்து இருபதுக்கு வண்டிய தள்ளிக்கினு வர்ற நேரத்துல நான் டப்பாவ அணைச்சி வெச்சேன். பேட்டரி வீணாவ வேணாம்னு வாய்விட்டு வேற சொன்னேன். அத யாரும் என்கிட்ட கேக்கல. இருபதுல போட்டதும் நல்லா கத்துச்சி.

மொதலாளி அஞ்சாப்புலி தோள்ல கைய வெச்சார். டப்பால ஒண்ணும் இல்லப்பான்னார். அஞ்சாப்புலி துணிய கீழேர்ந்து எடுத்து ஒதறினார். அப்ப என் மேல தான் தப்பு, அப்படின்னார். சண்ட போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். டப்பாவ திரும்ப அந்த துணில சுத்திக்கினு பஸ்ஸு ஏறி போயிட்டார்.

எல்லாரும் உள்ள போனப்பறம் சுமதி வண்டிய தள்ளிக்கினு வந்து என் பக்கத்துல நிறுத்துச்சி. என் மூஞ்ச பாக்காம, தரைல இருந்த சுண்ணாம்பு கோட்ட பாத்து கேட்டுது.

"ஏன் அண்ணே, நாப்பதுல மட்டும் நெலம் சரியில்லையா?"

துருப்புடிச்ச ஆணி

மறுநாள் காலைல வந்து ஜன்னல தொறந்தா, பீரோ நாப்பது மீட்டர் கோட்டு மேல நின்னுக்கினு இருக்கு. சாயங்காலம் யாரோ உள்ள கொண்டாந்து வெச்சாங்க. அடுத்த நாளு காலைலயும் நாப்பதுல. அதுக்கு அடுத்த நாளும். சுமதி என்கிட்ட ஒரு வார்த்த பேசல. வேலைக்கு வந்ததும் மொத வேலையா அத தள்ளி நிறுத்திட்டு, போயி சால்டரிங் பண்ண உக்காந்துக்கும். இருவது நாளு. அந்த இருவது நாளும் மத்த ஒம்பது டப்பாவும் கடல்ல தான் இருந்துது. தெனம் காலைல பனிய பாப்பேன். பனி கம்மியா இருந்தா சோறு எறங்கும்.

இருவத்தோராவது நாளு மொதலாளி ரூமுக்கு போயி நாலு வரியையும் பேப்பர்ல எழுதி காட்டினேன். அவருக்கு புரோகிராம் தெரியாது. முப்பது, அம்பதுங்கற நம்பர் தெரிஞ்சுது. அது போதுமா இருந்துது. ஒம்பது படகுக்கும் அவரே ஃபோன் போட்டார். டப்பாவ அணைச்சி வெய்ங்க, கண்ண நம்பி போங்கன்னார். அப்பறம் என்ன உக்கார சொன்னார். கத்துவார்னு பாத்தேன், கத்தல.

"எங்கப்பா துருப்புடிச்ச ஆணியும் வித்தாருய்யா, ஆனா தனி டின்ல கொட்டி 'துரு'ன்னு எழுதி வெச்சி வித்தாரு."

வீராம்பட்டினம்

அன்னிக்கே போனேன். மொதலாளி கூட வரேன்னார், வேணாம்னுட்டேன். வண்டில தவளக்குப்பம் வரைக்கும் வந்தேன். அந்த ஜங்ஷன்ல என்னிக்காவது சீக்கிரம் போயிருக்கோமா நாம? அன்னிக்கு பாத்து வழி வுட்டாங்க.

கரைல கொட்டாய் நிழல்ல அஞ்சாப்புலி உக்காந்து வலைல கிழிசல் பாத்துக்கினு இருந்தார். கொஞ்சம் தள்ளி, முதுக காட்டிக்கினு, கைல கட்டோட மாசிலாமணி. நடுவுல பெரியவங்க நாலஞ்சி பேரு. நான் அஞ்சாப்புலிய தனியா கூப்ட்டு சொல்லிடலாம்னு தான் வந்தேன். தனியா சொன்னா ஊருக்கு எப்படி தெரியும்? நின்ன எடத்துலயே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். அம்பது மீட்டர்லேர்ந்து முப்பது வரைக்கும் டப்பா பாக்காது. பாக்க வேணாம்னு எழுதினது நான். அவர் தூங்கல.

ஒரு பெரியவர் ஏன் அப்படி எழுதினன்னு கேட்டார். டப்பாவ சின்னதா பண்ணணும்னு, அப்படின்னேன். அவர் ஆள் உயர ஐஸ் பொட்டி ஒண்ண திரும்பி பாத்தார். "இதையே ஏத்திக்கினு போறோம். நாங்க யாருப்பா சின்னதா கேட்டோம்?" மாசிலாமணி திரும்பினார். மொத தடவயா அவர் மூஞ்ச பாத்தேன்.

"அன்னிக்கு பீரோ வெச்சி பாத்தீங்களாமே, அப்ப உனக்கு தெரியுமா?"

"தெரியும்."

அவர் என்ன அடிச்சிருக்கலாம், இடது கை நல்லாதான் இருந்துது. எழுந்து போயி அஞ்சாப்புலி பக்கத்துல உக்காந்தார். வலையோட ஒரு முனைய கால் கட்டவெரல்ல மாட்டி இழுத்து புடிச்சிக்கினு, "டேய், இப்படி தொங்க வுட்டா எப்படிடா முடிச்சி வுழும்"னார். அஞ்சாப்புலி தலைய தூக்காமலே அந்த முடிச்ச அவுத்து திரும்ப போட்டார். அந்த பெரியவர் யாருகிட்டயும் இல்லாம, "நாளைக்கு சுக்கான் புடிக்கட்டும்"னார்.

நான் கெளம்பினேன். அஞ்சாப்புலி வண்டி வரைக்கும் கூட வந்தார். அவர் வர வேணாம்னு எனக்கு இருந்துது. புது டப்பா வரும், பெருசா தான் இருக்கும், பேய் இருக்காது, நானே கடல்ல வந்து காட்டறேன்னு கடகடன்னு சொன்னேன். தலைய ஆட்டினார். வண்டிய ஸ்டார்ட் பண்றப்ப ஹேண்டில் மேல கைய வெச்சார். கோவமா இல்ல. ஒரு கணக்கு ஒத்து வராதவன் கேக்கற மாதிரி கேட்டார்:

"வந்து சொன்ன, சரி. ஆனா அன்னிக்கு 'என் மேல தான் தப்பு'ன்னு நான் சொன்னப்பறம், பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து, மனச தேத்திக்கோன்னு எனக்கு டீ வாங்கி குடுத்தியே சார், அது எதுக்கு?"

இத்தினி வருஷமா வேணாத சத்தத்த எடுத்து எடுத்து பழகின கை, மேல இந்த கதைய எழுதறப்ப, அவர் பஸ்ஸு ஏறின எடத்துலேர்ந்து அந்த டீயயும் தானா எடுத்துட்டிருக்கு பாருங்க.